மனந்திரும்புதலும் வேலிக் கதியாலும்

தவக்காலம் பிறந்துவிட்டால் எமது தீவகப் பங்குகளில் சிலுவைப்பாதையும் ஒறுத்தலும் பாவசங்கீர்த்தனமும் முறைப்படி நடந்தேறுகின்றன. குறிகட்டுவானிலிருந்து கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்குப் படகுகள் நிறைந்து செல்கின்றன. இவையெல்லாம் நல்லவையே. ஆயினும், பாவசங்கீர்த்தனத் தொட்டியை விட்டு எழும் அண்ணனும் அடுத்ததாக முழந்தாளிடும் தம்பியும் இருபது ஆண்டுகளாக ஒருவரோடொருவர் கதைப்பதில்லை என்றால், அங்கே நடைபெறுவது என்ன என்று நாம் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

எமது மக்களின் கசப்பு வானத்திலிருந்து விழுந்ததன்று. 1990 ஆகஸ்டில் மண்டைதீவு, அல்லைப்பிட்டி, வேலணைப் பகுதிகளுக்குள் படையினர் புகுந்தபோது பிடித்துச் செல்லப்பட்ட இளைஞர் பலர் இன்றுவரை திரும்பவில்லை. 1991 ஒக்டோபரில் ஊர்காவற்துறையும் புங்குடுதீவும் படையினர் வசமாயின. கட்டிய மாட்டையும் பூட்டிய வீட்டையும் விட்டு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த குடும்பங்கள், 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி மறுபடியும் மூட்டை கட்டித் தென்மராட்சிக்கும், பின்னர் வன்னிக்கும் நடந்தன. 2009இல் முள்ளிவாய்க்கால் வரை சென்றவர்களும் இவர்களுள் உளர். காணிக்குத் திரும்பியவர் சிலர், திரும்பாதவர் பலர்.

இம்மக்களிடம் போய் “எல்லாவற்றையும் மறந்து மன்னித்துவிடுங்கள்” என்று பிரசங்கம் செய்வதை நாம் ஏற்பதற்கில்லை. 2006 ஆகஸ்ட் 13ஆம் திகதி அல்லைப்பிட்டி புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில் தஞ்சம் புகுந்தவர்கள் மீது எறிகணைகள் விழுந்தன. ஒரு வாரம் கழித்து, ஆகஸ்ட் 20ஆம் திகதி, அப்பங்கின் தந்தை ஜிம் பிரவுண் அடிகளாரும் அவரோடு சென்ற குடும்பத் தலைவர் ஒருவரும் காணாமற்போயினர். இதற்கு நீதி கேட்பது கசப்பன்று, பாவமுமன்று. செய்தவன் அறிக்கையிடாத பாவத்துக்குப் பாதிக்கப்பட்டவளிடம் போய்ப் பாவமன்னிப்பு வாங்கித் தரும்படி எந்தத் திருச்சபைச் சட்டமும் சொல்லவில்லை. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் தம்மைச் சுட்ட அலி அக்சாவை 1981இலேயே மன்னித்தார். 1983 டிசம்பர் 27ஆம் திகதி சிறைக்கூடத்துக்கே சென்று அவனோடு அமர்ந்து பேசினார். ஆனால் அன்று சிறைக்கதவு திறக்கப்படவில்லை. 2000ஆம் ஆண்டுவரை அவன் இத்தாலியச் சிறையிலேயே இருந்தான். மன்னிப்பு வேறு, நீதி வேறு. இரண்டையும் குழப்புவோர் பெரும்பாலும் எதையும் இழக்காதவர்களே.

அப்படியாயின் எமக்கு மனந்திரும்புதல் எதற்கு? எமது கைக்கு எட்டிய பாவம் எமது வேலிக்குள்ளேயே இருப்பதனால்தான்.

கோரைப்புல்லை மேலாகச் செதுக்கிவிட்டால் தோட்டம் துப்புரவாகத் தோன்றும். கிழங்கு மண்ணுக்குள் இருக்கும். எபிரேயருக்கு எழுதிய மடல் கசப்பை ஒரு வேருக்கு ஒப்பிடுவது கமக்காரனுக்கு இலகுவில் விளங்கும். எமது ஊர்களில் அந்த வேர் எங்கே ஓடுகிறது? “நீங்கள் ஓடிப்போனீர்கள், நாங்கள் கிடந்து உத்தரித்தோம்” என்று நின்றவர் சொல்கிறார். “நீங்கள் ஆமிக்காரனோடு ஒத்துப்போய்ப் பிழைத்தீர்கள்” என்று இடம்பெயர்ந்தவர் சொல்கிறார். “நாங்கள் அனுப்பிய காசெல்லாம் எங்கே?” என்று சுவிசிலும் கனடாவிலும் இருப்பவர் கேட்கிறார். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. அதனாற்றான் இது ஆறுவதில்லை.

இந்தக் கதைகளின் அடியில் அனேகமாக ஒரு காணி இருக்கிறது. ஆளில்லாத வளவின் எல்லைக் கதியாலைப் பிடுங்கி ஒரு முழம் உள்ளே தள்ளி நடுவது. தமக்கையின் சீதனக் காணிப் பனையைத் தறித்து விற்பது. பார்த்துக்கொள்ளும்படி ஒப்படைத்த தோட்டத்தை ஆட்சியுரிமை என்று சொல்லி எழுதிக்கொள்வது. பத்து ஆண்டுகள் இடையறாது ஆண்டால் காணி சொந்தம் என்பது சட்டம். போர்க்காலத்தில் ஊருக்கே வரமுடியாதிருந்தவர்களுக்கு இதனால் நேர்ந்த அநீதியைக் கண்டு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காதிருக்க 2016இல் ஒரு விசேட சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி வழக்கு வைக்க இரண்டு ஆண்டுகளே தவணை. வன்னியில் கொட்டிலில் இருந்த எத்தனை பேருக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்திருக்கும்? நீதிமன்றத்தில் தவணை தப்பலாம். ஏழாம் கட்டளைக்குத் தவணை கிடையாது.

நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டியவை எவை என்று சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில் மனனம் செய்தோம். பாவத்தை நினைவுகூர்தல், மனஸ்தாபம், பிரதிக்கினை, அறிக்கை, அபராதம் தீர்த்தல். முதல் நான்கும் வாயாலும் மனத்தாலும் முடிந்துவிடும். ஐந்தாவதை மூன்று அருள்நிறை மந்திரத்தோடு முடித்துக்கொள்ளும் வழக்கம் எப்படியோ வந்துவிட்டது. சக்கேயு அப்படி முடித்துக்கொள்ளவில்லை. வஞ்சித்து எடுத்ததை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாக அவன் எல்லார் முன்னிலையிலும் எழுந்து சொன்ன பிறகே, அந்த வீட்டுக்கு மீட்பு வந்ததாக ஆண்டவர் அறிவித்தார். நான்கு மடங்கு எமக்குக் கட்டாது. ஒரு மடங்கே போதும். தள்ளி நட்ட கதியாலைப் பழைய இடத்தில் நடுவதுதான் அபராதம்.

காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டுச் சகோதரனிடம் போகச் சொல்லும் மத்தேயு நற்செய்திப் பகுதியையும் பலர் தலைகீழாகவே விளங்கிக்கொள்கின்றனர். உனக்கு அவன்மேல் மனத்தாங்கல் இருந்தால் என்றல்ல, அவனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருந்தால் என்றே அங்குள்ளது. முதலில் எழுந்து நடக்கவேண்டியவர் யார் என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

இதே அளவுகோலை ஊர்வேலிக்கு அப்பாலும் வைத்துப் பார்க்கவேண்டும். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் சொற்ப மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். வடமாகாணம் முழுவதிலுமிருந்து 70,000இற்கும் மேற்பட்டோர் அவ்வாறு துரத்தப்பட்டனர். 2002இல் அன்ரன் பாலசிங்கம் அதற்காக வருத்தம் தெரிவித்தார். ஆயினும் கட்டளை இட்டவர்கள் சொன்ன வருத்தம், வெறுமையான வீடுகளின் கதவு நிலைகளைக் கழற்றியவர்களுக்கும் அந்தக் காணிகளை அரைவிலைக்கு வாங்கியவர்களுக்கும் சேர்த்துச் சொன்னதாகாது. அம்மன் கோவிலும் நாகவிகாரையும் பள்ளிவாசலும் உள்ள நயினாதீவைப் பார்த்துக்கொண்டு வாழும் எமக்கு இதை எவரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. இடம்பெயர்ந்தவரின் வேதனையை இடம்பெயர்ந்தவரே அறிவர்.

அன்பியக் கூட்டங்களில் இத்தவக்காலத்தில் ஒரு காரியம் செய்யலாம். எமது உறுதிகளில் நிலத்தோடு சேர்த்துக் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காற் பங்கும் எழுதப்பட்டிருக்கும். தீவகத்தில் நன்னீர் என்பது உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதப்பது. அதை ஒருவர் மாத்திரம் இயந்திரம் வைத்து இறைத்தால் எல்லாருக்கும் உவர்தான் மிஞ்சும். பங்காளிகள் கோபத்தில் இருப்பதால் இறைத்துத் துப்புரவாக்கப்படாமல் பாழாய்க் கிடக்கும் பங்குக் கிணறுகள் எவையெவை என்று ஒவ்வோர் அன்பியமும் பெயர்ப்பட்டியல் எடுக்கட்டும். பங்காளிகளில் ஒருவர் ஊரிலும் ஒருவர் கிளிநொச்சியிலும் ஒருவர் ரொறன்ரோவிலும் இருக்கக்கூடும். இக்காலத்தில் அது பெரிய தடையன்று. பெரிய வெள்ளிக்கு முன் தொலைபேசியில் முதலாவதாக அழைக்கவேண்டியவர், கிணற்றுச் சாவியைக் கையில் வைத்திருப்பவரே.