காப்பிக் கடையும் கணபதி ஓமமும்

சிறு ஊரில் காப்பிக் கடை வைக்க எண்ணுகிற ஏழைத் தோழர், பெண்சாதியின் நகையை அடகு வைத்துப் பணம் புரட்டிக்கொண்டு முதலில் யாரிடம் போகிறார்? பால்காரரிடமா? இல்லை, ஜோசியரிடம்! நாள் குறிக்க ஒரு தட்சணை, வாசலைத் திருப்பி வைக்க வாஸ்துக்காரருக்கு ஒரு தட்சணை, கணபதி ஓமத்துக்குப் புரோகிதருக்கு ஒரு தட்சணை. கடை திறக்குமுன்பே ஒரு மாத வாடகை புகையாய்ப் போய்விடுகிறது.

நாம் கேட்கிறோம்: பால் திரிந்தால் ஓமம் தடுக்குமா? காப்பித் தூளில் சிக்கரியை 100-க்கு 49 பங்குவரை கலக்கச் சட்டம் இடங்கொடுக்கிறது. கலந்த அளவைப் பொட்டலத்தின் மேலேயே அச்சிட வேண்டும். பஞ்சாங்கத்தைப் படிக்கிற கண் அதைப் படிக்கலாகாதா? சிக்கரி ஏறினால் டிக்காக்ஷன் கறுத்துக் கெட்டியாய் இறங்கும், விலையும் மலிவு, காப்பி வாசனைதான் இராது. (இறக்கிய தூளிலேயே மறுபடி வெந்நீர் ஊற்றி மாலை வியாபாரத்தை முடிக்கும் புண்ணியவான்களைப் பற்றித் தனியே எழுதவேண்டும்.)

சிக்கனம் வேண்டுமானால் பழைய பெஞ்சும் பழைய பில்டரும் போதும். பத்துப் பலகாரம் வேண்டாம். காலையில் இட்லி, மாலையில் வடை. ஓமத்துக்கு எடுத்துவைத்த பணத்தைப் பால் பாக்கிக்கு வைத்துக்கொள்ளட்டும். உணவுப் பாதுகாப்புப் பதிவையும் மறவாமல் செய்துகொள்ளட்டும். மாலை போட்ட சாமி படத்தைக் கும்பிட்டுவிட்டு அதிகாரி திரும்பிவிடுவாரா?

தம்ளர் வாங்குவதிலும் ஒரு சங்கதி உண்டு. 1957-ல் சென்னைத் திருவல்லிக்கேணி முரளி கபேயின் முன் பெரியார் மறியல் நடத்தியது, பெயர்ப் பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கத்தான். சாதிக்கொரு தம்ளர் வைப்பது 1955-ஆம் வருஷச் சட்டப்படியே குற்றம். ஆகவே ஒரே தினுசில் வாங்கட்டும். மொத்தமாய் வாங்கினால் விலையும் சகாயம்.