கல்லை எடுத்தால் கடமை முடிந்ததா?

சிறுநீரகக் கல்லை உடைத்தெடுத்து, ஸ்டென்ட் வைத்து, ‘தண்ணீர் நிறையக் குடியுங்கள், தக்காளியைக் குறையுங்கள்’ என்று அனுப்பிவிடுகிறார்கள். மீண்டும் கல், மீண்டும் அதே வைத்தியம். டிஸ்சார்ஜ் சம்மரியில் கல்லின் அளவு மில்லிமீட்டர் சுத்தமாக இருக்கிறது, கிரியாட்டினின் இருக்கிறது, ரத்தக் கால்சியத்தைத்தான் காணோம். பல மருத்துவமனைகளில் வழக்கமாகிவிட்ட இந்த அலட்சியத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் உள்ளன. அவற்றில் ஒன்று கட்டியாகி, அளவுமீறிச் சுரந்தால் எலும்பிலுள்ள கால்சியம் கரைந்து ரத்தத்தில் ஏறும். சிறுநீரகத்தில் கல்லாகவும் படியும். எலும்பு வலி, லேசாக இடறினாலே முறிவு, கையூன்றாமல் தரையிலிருந்து எழ முடியாத தளர்ச்சி, தீராத மலச்சிக்கல், மனச்சோர்வு, சிலருக்குக் கணைய அழற்சி என்று தொல்லைகள் வரிசைகட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு டாக்டர். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கத்தான் ஆளில்லை.

மேலை நாடுகளில் 1970களில் தானியங்கி ரத்தப் பரிசோதனைக் கருவிகள் பரவியதுமே, அறிகுறி தெரியும் முன்பே இந்நோய் பிடிபடத் தொடங்கியது. இந்தியாவிலோ எலும்பு நொறுங்கி, கல் அடைத்த பிறகே பலருக்கும் தெரியவருகிறது. இதற்கு எந்தச் சாக்கும் செல்லாது.

பரிசோதித்த இடத்திலும் பாராமுகம்தான். கால்சியம் இயல்பைவிடக் கூடி 11.4 என்று வந்தால், ‘கால்சியம் மாத்திரையை நிறுத்துங்கள்’ என்பதோடு விசாரணை முடிகிறது. கால்சியம் ஏறி, பாஸ்பரஸ் இறங்கி, அல்கலைன் பாஸ்படேஸும் கூடியிருந்தால் அடுத்து பாராதைராய்டு ஹார்மோனைப் பார்த்தே ஆக வேண்டும். கால்சியம் ஏறியிருக்கையில் அந்த ஹார்மோன் ‘நார்மல்’ என்று வந்தாலும் நிம்மதி கொள்ளக் கூடாது. தாழ்ந்திருக்க வேண்டிய ஹார்மோன் தாழவில்லை என்பதே அதன் பொருள். வைட்டமின் டி குறைபாடு கால்சியத்தைக் குறைத்துக் காட்டி ஏமாற்றும் என்பதும் பாடப்புத்தகத்தில் உள்ளதுதான்.

திரும்பத் திரும்பக் கல் வருவோருக்கும், காரணமின்றி எலும்பு முறிவோருக்கும் கால்சியம், அல்புமின், பாஸ்பரஸ் மூன்றையும் கட்டாயப் பரிசோதனையாக்கி சுகாதாரத் துறை ஆணையிட வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் ஹார்மோன் பரிசோதனை இலவசமாகக் கிடைக்க வேண்டும். முழு உடல் பரிசோதனை என்று விளம்பரம் செய்யும் ஆய்வகங்கள் கால்சியத்தை விட்டுவிட்டு ‘முழு’ என்று சொல்லக் கூடாது.

கைதேர்ந்த அறுவை நிபுணர் பாராதைராய்டு கட்டியை அகற்றினால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் குணமாகிறார்கள். தீர்க்கக்கூடிய நோயைத் தேடாமலிருப்பது கவனக்குறைவு அல்ல, கடமை தவறுதல். சுகாதாரத் துறை இனியும் காலம் கடத்தக் கூடாது.