எண் வழங்கும் சேவை அநாவசியமா?

புதுக்கோட்டை மாவட்டத்துப் பத்திரங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, சர்வே எண் மட்டும் தெரிந்தால் நிலம் தெரிந்துவிடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. திருமயத்திலும் ஆலங்குடியிலும் ஒவ்வொரு வருவாய்க் கிராமமும் தன் கணக்கை ஒன்றிலிருந்தே தொடங்குவதால், வட்டமும் கிராமமும் சேர்ந்த பிறகே அந்த எண் ஒரு நிலத்தைச் சுட்டும். பாகப்பிரிவினையின்போது உட்பிரிவு எண்ணை அண்ணனும் தம்பியும் தத்தம் இஷ்டப்படி எழுதிக்கொள்வதுமில்லை. சர்வேயர் அளந்து, தாலுகா அலுவலகம் வழங்க வேண்டும். கணினித் தொழிலிலோ இதற்கு நேர்மாறான அபிப்பிராயம் செல்வாக்குடன் உலவுகிறது: ஒவ்வொரு நிரலும் தனக்குரிய தனித்த எண்ணைத் தானே உண்டாக்கிக்கொள்ளலாமாம், லினக்ஸில் அதற்கென ‘யூயூஐடிடி’ என்னும் பின்னணிச் சேவையை இயக்குவது வீணாம்.

யதேச்சையாகப் பிறக்கும் எண்கள் ஒருபோதும் மோதா என்பது அவர்களுடைய முதல் வாதம். அத்தகைய எண்ணின் 128 பிட்டுகளில் 122 யதேச்சையானவை என்பதும், மோதலுக்குச் சரிபாதி வாய்ப்பு நேரவே ஏறக்குறைய 27,000 கோடி கோடி எண்கள் பிறக்க வேண்டும் என்பதும் கணித சாஸ்திரப்படி உண்மையே. ஆனால் யதேச்சை உண்மையாகவே யதேச்சையாக இருந்தாலன்றோ அக்கணக்கு பலிக்கும்? 2006இல் டெபியன் லினக்ஸில் யதேச்சை எண்களைப் பிறப்பிக்கும் ஓபன்எஸ்எஸ்எல் நிரலில் ஒரு சிறு மாற்றம் நிகழ்ந்ததன் விளைவாக, எண்ணிலடங்காதவை என்று நம்பப்பட்ட மறைக்குறிச் சாவிகள், ஒவ்வொரு வகைக்கும் அளவுக்கும் 32,767 மட்டுமே என்று சுருங்கிப்போயின. அது வெளிப்பட்டது 2008 மே மாதத்தில்தான்.

காலத்தைக் கொண்டு எண் படைத்தால் போதும் என்பது இரண்டாவது வாதம். அம்முறையில், கிரிகோரி பஞ்சாங்கம் அமலுக்கு வந்த 1582 அக்டோபர் 15 முதல் (திருமயம் கோட்டை எழும்புவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முந்திய நாள் அது!) காலம் 100 நானோ விநாடிக் கூறுகளாக எண்ணப்படுகிறது. ஒரே கணினியின் பல செயலிகளில் ஓடும் நிரல்கள் ஒரே கூற்றில் எண் கேட்பதும், கடிகாரம் திருத்தப்படும்போது பின்னோக்கி நகர்வதும் சர்வசாதாரணம். கடைசியாக வழங்கிய காலத்தை நினைவில் வைத்து, கேட்டவர்க்கெல்லாம் வரிசை தப்பாமல் வழங்குவதற்கு ஒருவர் வேண்டும். அதுவே இச்சேவையின் தொழில். மொத்தமாகக் கேட்டால் ஒரு தொகுதியையே ஒதுக்கித் தரும். ஆகையால் வேகம் குன்றுமென்ற குறையும் நிற்காது.

சேவை நின்றால் எல்லாம் நின்றுவிடும் என்று அஞ்சுவோர்க்கு விடை எளிது. அது உலகுக்கெல்லாம் பொதுவான அலுவலகமன்று, ஒரு கணினிக்குள் அமைந்தது. தூங்கினாலும், லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி கேட்ட மாத்திரத்தில் அதை எழுப்பிவிடும். உண்மையான அபாயம் வேறு: சேவை கிட்டாதபோது, நிரல்கள் எண் கேட்கப் பயன்படுத்தும் லிப்யூயூஐடி நூலகம் நிரலை நிறுத்தாமல், மௌனமாகத் தானே எண்ணை உண்டாக்கித் தந்துவிடுகிறது.

காலமுறை எண்ணில் வலையட்டையின் முகவரி வெளிப்படக்கூடும் என்ற ஆட்சேபத்தை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அந்தரங்கம் முக்கியமான இடத்தில் யதேச்சை எண்ணே தகும். மற்றபடி, பல நிரல்கள் ஒரே நேரத்தில் காலமுறை எண் கேட்கும் சர்வரை நிர்வகிப்போர், யூயூஐடிடியை நிறுத்தி வைத்திருந்தால், இன்றே அதை இயக்கிவிட வேண்டும்.