அலுத்துப்போன கேம் குரூப்பை விட்டு வெளியேறுவது துரோகமா?

ஞாயிறு மாலை நாலு மணி. வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ்: "இன்னைக்கு கேம் இருக்குல்ல?" ஒருவர் தம்ஸ் அப் போடுகிறார். இன்னொருவர், "அரை மணி நேரம் லேட் ஆகும்". மூன்றாமவர் பார்த்துவிட்டுப் பதில் போடவில்லை. நான் டைப் செய்கிறேன்: "ஸாரி, ஆபீஸ்ல ஷிஃப்ட் மாத்திட்டாங்க."

ஷிஃப்ட் எதுவும் மாறவில்லை. அன்று எனக்கு லீவு.

2021 லாக்டவுனில் டிஸ்கார்டில் தொடங்கிய குரூப் அது. கல்லூரி சீனியர் ஒருவர்தான் கேம் நடத்துவார். நாங்கள் நாலு பேர் விளையாடுவோம். லாக்டவுன் முடிந்ததும் வேளச்சேரியில் அவர் வீட்டு ஹாலுக்கு மாறியது. இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, மூன்று மணி நேரம். மூன்று வருடத்துக்கு மேல் அப்படித்தான் ஓடியது. ஒரு கட்டத்தில் அலுத்துப்போச்சு. அதை யாரிடமும் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதன் பலனை அனுபவித்தவள் என்ற முறையில்தான் இதை எழுதுகிறேன்.

அப்படி என்ன கேம் இது?

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் என்பது நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரத்தை எடுத்துக்கொண்டு, பேசிப் பேசியே ஒரு கதையை நடத்துவது. கதையை வழிநடத்துபவர் ஒருவர் இருப்பார். அவர்தான் டஞ்சன் மாஸ்டர், சுருக்கமாக டி.எம். "கதவைத் திறக்கறீங்க. உள்ளே ஒரே இருட்டு. யாரோ மூச்சு விடற சத்தம் கேக்குது. என்ன செய்யப்போறீங்க?" என்று அவர் கேட்பார். நீங்கள் நினைத்தது நடக்குமா என்பதைப் பகடை சொல்லும். பாட்டி வீட்டில் தாயம் விழ வேண்டிக்கொண்டு கட்டையை உருட்டினோமே, அதே பதற்றம்தான். இங்கே உருட்டுவது 20 முகம் கொண்ட பகடை.

இந்த வகையில் மிகப் பிரபலமானது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கி 1974-ல் வெளியிட்டார்கள். 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' முதல் எபிசோடில் அந்தப் பையன்கள் வீட்டு அடித்தளத்தில் உட்கார்ந்து ஆடுவார்களே, அதேதான்.

கேரம் போர்டுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இதில் ஒரு கதை முடிய வருடக்கணக்கில் ஆகலாம். அதனால் இதில் சேர்வது என்பது ஒரு மாலை விளையாடிவிட்டு வருவது மாதிரி இல்லை. அதே நாலைந்து முகங்களை, அதே நாளில், வருடக்கணக்காகப் பார்க்க ஒப்புக்கொள்வது.

விட்டுப்போக ஏன் மனசு வருவதில்லை?

கன்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. புது ஊருக்குக் குடிபோனவர்களிடமும் புதிதாகக் கல்லூரியில் சேர்ந்தவர்களிடமும் கேட்டு அவர் போட்ட கணக்கு இது: அறிமுகம் என்ற நிலையிலிருந்து சாதாரண நட்பு வர ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்து செலவிட வேண்டும். நெருங்கிய நட்புக்கு 200 மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

நம் கேம் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மூன்று மணி நேரம் என்றால், ஒன்றுகூடத் தவறாமல் நடந்தாலும் வருடத்துக்கு 78 மணி நேரம். 200-ஐத் தொட இரண்டரை வருடம் ஆகும். வேலைக்குப் போன பிறகு நம்மில் எத்தனை பேருக்கு இப்படி இரண்டரை வருடம் செலவழித்து ஒரு புது நட்பு கிடைத்திருக்கிறது?

அதனால்தான் பயம். கேமை விட்டால் ஆட்களும் போய்விடுவார்களோ என்று. ஆனால் அலுப்பை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் அந்த நட்பு தேயத்தான் செய்கிறது. உங்கள் முறை வரும்வரை இன்ஸ்டாகிராம் ஸ்க்ரோல் செய்துகொண்டிருப்பதை எதிரில் இருப்பவர் பார்க்காமலா இருக்கிறார்?

அலுத்தது எது?

ஒரு எளிய சோதனை. கேம் கேன்சல் என்று மெசேஜ் வந்ததும் உங்களுக்கு முதலில் என்ன தோன்றுகிறது? ஒருமுறை "அப்பாடா" என்று இருந்தால் அது வெறும் களைப்பு. தொடர்ந்து நாலு முறை "அப்பாடா" என்றால், ஏதோ சரியில்லை. ஆனால் உடனே குரூப்பை மாற்றக் கிளம்ப வேண்டாம். எது அலுத்தது என்பதைப் பொறுத்து மருந்து மாறும்.

*கேம் அலுத்திருக்கலாம்.* மூன்று வருடம் ஒரே விதிகள், ஒரே வாள், ஒரே மந்திரம் என்றால் யாருக்கும் சலிக்கும். ஆட்களை மாற்றாமல் கேமை மாற்றிப் பாருங்கள். 'ஃபியாஸ்கோ'வில் டி.எம். கிடையாது, ஒரே மாலையில் முடிந்துவிடும், பேராசையால் எல்லாம் சொதப்பிப்போகும் ஆட்களின் கதை. 1981-லிருந்து ஓடிக்கொண்டிருக்கும் 'கால் ஆஃப் கதுல்ஹு'வில் சண்டை போட்டால் பெரும்பாலும் செத்துப்போவீர்கள், துப்பறிந்தால்தான் பிழைப்பு. 'ஹனி ஹெய்ஸ்ட்' ஒரே பக்க விதி, எல்லோரும் தேன் திருடப் போகும் கரடிகள். டி.எம்.முக்கும் ஒரு வாரம் ஓய்வு கிடைக்கும்.

*நேரம் ஒத்துவராமல் போயிருக்கலாம்.* ஐந்து பேரில் இரண்டு பேருக்கு ஐ.டி. ஷிஃப்ட், ஒருவருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்றால் கதை எப்படி நகரும்? இதற்குப் பென் ராபின்ஸ் என்ற அமெரிக்க டி.எம். காட்டிய வழி 'வெஸ்ட் மார்ச்சஸ்'. நிலையான அணி கிடையாது. பத்துப் பன்னிரண்டு பேர் பட்டியலில் இருப்பார்கள். யாருக்கு நேரமிருக்கிறதோ அவர்கள் சேர்ந்து நாள் குறித்து, எங்கே போகப்போகிறோம் என்று டி.எம்.மிடம் சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் ஆட்டம் முடியும்போது கதாபாத்திரங்கள் ஊருக்குத் திரும்பிவிட வேண்டும். அதனால் அடுத்த முறை யார் வராவிட்டாலும் கதை நிற்காது.

*ருசி மாறியிருக்கலாம்.* எனக்கு நடந்தது இதுதான். அவர்களுக்கு மூன்று மணி நேரமும் சண்டை வேண்டும். எனக்குச் சந்தையில் வியாபாரியோடு பேரம் பேச வேண்டும், ராஜாவிடம் பொய் சொல்லி மாட்டிக்கொள்ள வேண்டும். இரண்டுமே தப்பில்லை. ஆனால் இதற்கு மருந்து குறைவு. பேசிப் பார்க்கலாம், பாதிப் பாதி என்று ஒப்பந்தம் போடலாம். அதுவும் சரிவராவிட்டால், வேறு குரூப் தேடுவதுதான் நேர்மை.

*ஒரு ஆளால் பிரச்சினை இருக்கலாம்.* மற்றவரைப் பேசவிடாதவர், பெண் கதாபாத்திரம் வந்தாலே அசிங்கமாக ஜோக் அடிப்பவர், அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கடந்துபோகும் மற்றவர்கள். இங்கே பொறுமை தேவையில்லை. ஒருமுறை சொல்லிப் பாருங்கள். மாறவில்லை என்றால் கிளம்பிவிடுங்கள். விளக்கம் சொல்ல வேண்டிய கடமைகூட உங்களுக்கு இல்லை.

புதுக் குரூப் எங்கே கிடைக்கும்?

சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில் போர்டு கேம் சந்திப்புகள் நடக்கின்றன. போர்டு கேமும் இதுவும் ஒன்றில்லை. ஆனாலும் அங்கே வரும் பத்துப் பேரில் ஒருவருக்காவது இது தெரிந்திருக்கும் அல்லது ஆசை இருக்கும். வாயைத் திறந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆன்லைன் என்றால் டிஸ்கார்டும், 2012-லிருந்து இருக்கும் ரோல்20 தளமும். அங்கே கவனிக்க வேண்டியது கடிகாரம். நியூயார்க்கில் சனிக்கிழமை இரவு ஏழு மணி என்றால் நமக்கு ஞாயிறு அதிகாலை நாலரை, குளிர்காலத்தில் ஐந்தரை. முதல் வாரம் ஜோராக எழுந்துவிடுவீர்கள். மூன்றாவது வாரம்? சிங்கப்பூர்க்காரர்கள் நமக்குத் தோது. அங்கே இரவு எட்டு மணி என்றால் இங்கே மாலை ஐந்தரைதான்.

மொழியையும் யோசித்துக்கொள்ளுங்கள். எங்கள் பழைய குரூப்பில் சத்திரக்காரர் கொங்குத் தமிழ் பேசுவார்: "வாங்க கண்ணு, சாப்புட்டு போலாமுங்க." நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். ஆங்கிலத்தில் ஆடும் ஆன்லைன் குரூப்பில் ஆட்டம் நன்றாகவே இருந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு வரவில்லை. விதிப்புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தாலும் கதையை எந்த மொழியிலும் ஆடலாம். உங்களுக்குத் தமிழில் ஆடினால்தான் கதை ஒட்டுகிறது என்றால் அதைத் தேடும்போதே சொல்லிவிடுங்கள்.

எதுவும் அமையவில்லையா? நீங்களே டி.எம். ஆகிவிடுங்கள். ஆட விரும்புபவர்கள் எப்போதும் நிறைய, நடத்த முன்வருபவர்கள் குறைவு. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடிப்படை விதிகளை 2023-ல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்திலேயே வெளியிட்டுவிட்டார்கள். இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். ஆபீஸில் மூன்று பேரைப் பிடித்தால் போதும்.

முதல் நாளே எதையெல்லாம் கேட்க வேண்டும்?

இதற்கு 'செஷன் ஸீரோ' என்று பெயர். ஆட்டம் தொடங்கும் முன் உட்கார்ந்து பேசிவிடுவது. எத்தனை நாளைக்கு ஒருமுறை? குறைந்தது எத்தனை பேர் வந்தால் ஆட்டம் நடக்கும்? சண்டை அதிகமா, பேச்சு அதிகமா? எதெல்லாம் கதையில் வரக் கூடாது? ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் என்பவர் உருவாக்கிய 'எக்ஸ் கார்டு' பழக்கம் உண்டா என்றும் கேளுங்கள். எக்ஸ் போட்ட ஒரு அட்டை மேசை நடுவில் இருக்கும். யாராவது அதைத் தொட்டால், காரணம் கேட்காமல் அந்தக் காட்சியை மாற்றிவிட வேண்டும். இந்தக் கேள்விகளைக் கேட்டதும் முகம் சுளிக்கிறார்களா? நல்லது, மூன்று மணி நேரம் மிச்சம்.

பார்த்த அன்றே தேதி குறிக்காதீர்கள். ஒரே நாளில் முடியும் ஒரு குட்டிக் கதை ஆடிப் பாருங்கள். பிடித்தால் நாலு முறை. அதன் பிறகு நீண்ட கதைக்குத் தலையாட்டலாம்.

பழைய குரூப்பிடம் எப்படிச் சொல்வது?

நான் சொதப்பிய இடம் இதுதான். மூன்றாவது முறை "ஷிஃப்ட்" என்று பொய் சொன்ன ஞாயிறு, நான் வேறொரு குரூப்பில் ஆடிக்கொண்டிருந்தேன். சென்னையில் இந்த வட்டம் ரொம்பச் சின்னது. அங்கே இருந்த ஒருவருக்கு எங்கள் சீனியரைத் தெரிந்திருந்தது. மறுநாள் போன் வந்தது.

"அந்தக் குரூப் நல்லா இருக்காம்மா?"

"அண்ணா, அது வந்து..."

"போறதுல ஒண்ணும் இல்லம்மா. என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அன்றைய ஆட்டத்தில் எங்கள் கதை, என் கதாபாத்திரத்தின் சொந்த ஊருக்கு வந்து சேர்ந்திருந்தது என்பதைப் பிறகு இன்னொருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். முதல் வருடத்தில் நான் போகிற போக்கில் சொன்ன, காணாமல்போன தம்பியை அவர் மறக்கவில்லை. சண்டையே இல்லாத ஒரு முழு மாலையை எனக்காகத் தயாரித்திருந்தார். நான் அலுத்துப்போனதை நான் சொல்லாமலே அவர் கவனித்திருக்கிறார். கவனிக்காதது நான்தான்.

"ஒரு விளையாட்டுக்கு இவ்வளவு பேச்சா? வராமல் இருந்துவிட்டால் போச்சு" என்று சிலர் சொல்வார்கள். வாரா வாரம் நமக்காக மணிக்கணக்கில் கதை தயாரிக்கும் ஒருவருக்கு இது வெறும் விளையாட்டு இல்லை. அவருடைய நேரத்துக்குப் பதில், ஒரு உண்மையான வாக்கியமாவது நாம் தர வேண்டும்.

ஆகவே, நான் செய்யாததை நீங்கள் செய்யுங்கள். குரூப்பில் அறிக்கை விடாமல் முதலில் டி.எம்.மிடம் தனியாகப் பேசுங்கள். குறைந்தது இரண்டு ஆட்டத்துக்கு முன்பே சொன்னால், உங்கள் கதாபாத்திரத்துக்கு ஒரு நல்ல முடிவை அவரால் எழுத முடியும். அவர்கள் குறைகளைப் பட்டியல் போடாமல், உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை மட்டும் சொல்லுங்கள். கிளம்பும்போது பாதிப் பேரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். முக்கியமாக, ஆட்டம் இல்லாத ஒரு நாளில் சந்திக்க அப்போதே தேதி போடுங்கள். "அப்புறம் பாக்கலாம்" என்றால் பார்க்கவே மாட்டோம் என்று நமக்குத் தெரியும்.

நான் மன்னிப்புக் கேட்டேன். ஒரே ஒரு ஞாயிறு திரும்பிப் போய், அந்த ஊர்க் கதையை ஆடி முடித்தேன். தம்பி கிடைத்தான். இப்போது நான் புதுக் குரூப்பில்தான் ஆடுகிறேன். பழையவர்களை மாதம் ஒருமுறை பிரியாணிக்குச் சந்திக்கிறேன். அங்கே பகடை கிடையாது. முன்பைவிட நன்றாகப் பேசுகிறோம்.

அலுத்துப்போன மேசையை விட்டு எழுந்து போவது துரோகம் இல்லை. சொல்லாமல் போவதுதான் துரோகம். இந்த ஞாயிறு நீங்களும் "ஷிஃப்ட்" என்று டைப் செய்யத் தொடங்கியிருந்தால், அதை அழித்துவிட்டு உங்கள் டி.எம்.முக்கு ஒரு போன் போடுங்கள்.