சிவப்பழகும் சீட்டில்லாத மருந்தும்

கல்யாணத்துக்கு இன்னும் இரண்டே மாதம். பெண்ணின் கன்னத்தில் லேசாக மங்கு. பாண்டிச்சேரியில் மெடிக்கல் ஷாப்புக்கா பஞ்சம்? "அண்ணே, முகம் கலராகறதுக்கு ஒரு ட்யூப் குடுங்க" என்றால் கைக்கு வந்துவிடும். டாக்டர் சீட்டு எங்கே என்று எத்தனை கடையில் கேட்கிறார்கள்?

சில வாரங்களில் முகம் பளிச்! பக்கத்து வீட்டு அக்காவும் அதே பெயரை எழுதி வாங்கிக்கொண்டு போவார்.

சரி, அந்த ட்யூபில் என்னதான் இருக்கிறது? பெரும்பாலும் மூன்று மருந்துகள்: ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், கூடவே மொமெட்டசோன் போன்ற ஒரு ஸ்டீராய்டு. தோலில் உள்ள மெலனோசைட் செல்கள், டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து மெலனினைத் தயாரிக்கின்றன. அதை நடத்தி வைப்பது டைரோசினேஸ் என்ற நொதி. ஹைட்ரோகுவினோன் அந்த நொதியின் கையைக் கட்டிப்போடுகிறது. மெலனின் உற்பத்தி குறைகிறது. (பி.காம். பாஷையில், ஆலையை இடிக்கவில்லை, மேனேஜரை மட்டும் உட்கார வைத்துவிட்டார்கள்!)

இந்த வித்தை தெரிய வந்ததே ஒரு விபத்தில்தான். அமெரிக்காவில் ஒரு தோல் பதனிடும் ஆலையில் ரப்பர் கையுறை போட்ட தொழிலாளிகளின் கைகள் திட்டுத்திட்டாக வெளுத்தன. ரப்பரில் கலந்திருந்த, ஹைட்ரோகுவினோன் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு ரசாயனம்தான் காரணம் என்று 1939ல் எழுதினார்கள்.

மருந்தின் மேல் குற்றமில்லை. மங்குக்கு இது நல்ல மருந்துதான். ஆனால் டாக்டர் கொடுத்தால் சில வாரம் கொடுப்பார், வெயிலில் போகாதே என்பார், பிறகு நிறுத்துவார். கடையில் வாங்குபவர் வருடக்கணக்கில் பூசுகிறார். ஸ்டீராய்டு தோலை மெலிதாக்குகிறது. ரத்த நாளங்கள் தெரிகின்றன, பரு வருகிறது, முகத்தில் முடி வளர்கிறது. நிறுத்தினாலோ எரிச்சல், சிவப்பு! அதனால் மறுபடி அதே ட்யூப். இதைவிட விசுவாசமான கஸ்டமர் எந்த வியாபாரத்தில் கிடைப்பார்? ஹைட்ரோகுவினோனை நெடுநாள் பூசினால் சிலருக்குத் தோல் நீலக்கருப்பாகவே மாறிவிடுகிறது. வெளுக்கப் போய்க் கறுத்த கதை.

பாண்டிச்சேரியில் பல குடும்பங்களுக்கு பிரான்ஸில் சொந்தக்காரர்கள் உண்டு. அங்கே 2001 முதல் முகப்பூச்சில் ஹைட்ரோகுவினோன் சேர்க்கத் தடை. மருந்தாக வேண்டுமென்றால் சீட்டு வேண்டும். இங்கும் சட்டம் இல்லாமல் இல்லை. 2018 மார்ச்சில் 14 ஸ்டீராய்டு பூச்சுகளைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு அறிவித்தது.

ஆனால் எல்லோருடைய கோபமும் விளம்பரத்தின் மேல்தான். 1975ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020ல் க்ளோ அண்ட் லவ்லி ஆனபோது ஏதோ பெரிய வெற்றி மாதிரி பேசினார்கள். பெயர் மாறட்டும், நல்லதுதான். கவுண்டருக்குப் பின்னால் இருக்கும் ட்யூபுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது, தோல் பிரிவும் இருக்கிறது. ஏன் அங்கே போகவில்லை என்று கேட்பது சுலபம். வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலி போச்சு, அதுவும் கணக்கில் வரும்தானே? ஆகவே பெண்களைத் திட்டுவதை விட்டுவிட்டு, மருந்து ஆய்வாளர் மாதம் ஒருமுறை சாதாரண ஆளாகப் போய் "கலராக ஒரு ட்யூப்" என்று கேட்டுப் பார்க்கட்டும். அட்டையில் பொடி எழுத்தில் இங்கிலீஷில் இருக்கும் எச்சரிக்கையைத் தமிழில், கண்ணுக்குத் தெரிகிற அளவில் அச்சடிக்கட்டும்.