மணி பல் தேய்க்குதா?

"மணி பல் தேய்க்குதா? அதுக்குச் சொத்தைப் பல்லே இல்லையே!"

என் இளைய மகன் ஐந்து வயதில் கேட்ட கேள்வி இது. மணி எங்கள் தெரு நாய். பல் தேய்க்கக் கூப்பிட்டால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டு, அங்கிருந்தே இப்படி வாதாடுவான். எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாத அம்மாக்கள் செய்வதைத்தான் நானும் செய்தேன். முதுகில் ஒன்று வைத்து, தரதரவென்று இழுத்துப்போய்த் தேய்த்துவிட்டேன்.

சரியான பதில் கிடைத்தது போன மாதம்தான். பையனுக்கு இப்போது பதின்மூன்று வயது!

எங்கள் மாடி வீட்டுப் பெண் பல் மருத்துவத்தில் எம்.டி.எஸ். படிக்கிறாள். சாயங்காலம் காப்பி குடிக்க வந்தவளிடம், "பையனுக்குப் பல் வரிசை கோணலா இருக்குன்னு கம்பி போடணுமாம். அதுக்கு இடம் வேணும்னு நாலு நல்ல பல்லைப் பிடுங்கப் போறாங்களாம்" என்று அங்கலாய்த்தேன். அவளோ கண்ணை அகல விரித்தாள்.

"அத்தை, அந்தப் பல்லெல்லாம் எனக்கு வேணும். நீங்க சம்மதம்னு எழுதிக் கொடுத்தா, எங்க காலேஜுக்கு வாங்கிக்கறேன்."

"பல்லை வச்சு என்னம்மா பண்ணுவே?"

"ஆராய்ச்சிதான். சொத்தையில்லாத மனுஷப் பல் கிடைக்கறதே கஷ்டம். நல்ல பல்லை யாரு பிடுங்கிப்பாங்க? அது கிடைக்காதப்போ மாட்டுப் பல்லை வச்சுத்தான் பண்றோம்."

எனக்குக் காப்பி தொண்டையிலேயே நின்றுவிட்டது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இவர்கள் செத்த மாட்டின் பல்லைக்கூட விடுவதில்லை போலிருக்கிறது!

இதற்கென்று எந்த மாட்டையும் கொல்வதில்லையாம். இறைச்சிக்காக வெட்டிய மாட்டின் கீழ்த்தாடையிலிருந்து முன்பற்களை எடுத்துக்கொள்கிறார்கள். மாட்டுக்கு மேலே முன்பல்லே கிடையாது, கீழேதான் எட்டு. அந்தப் பல் பெரிதாகவும் தட்டையாகவும் இருப்பதால் துண்டு போடச் சுலபம். எந்தப் பற்பசை கறையை எடுக்கிறது, எந்தப் புளிப்புப் பானம் பல்லை அதிகம் அரிக்கிறது என்றெல்லாம் அதில் சோதித்துப் பார்க்கிறார்கள்.

"அப்போ மாட்டுப் பல்லும் நம்ம பல்லும் ஒண்ணுதானா?" என்று கேட்டேன்.

இல்லையாம். பல்லின் மேலே பளபளவென்று இருக்கிறதே எனாமல், அது மாட்டுக்குச் சற்று நுண்துளை அதிகம் உள்ளது. அமிலம் பட்டால் நம் பல்லைவிடச் சீக்கிரம் கரையும். புது அரிசியும் பழைய அரிசியும் போல என்று நான் புரிந்துகொண்டேன். இரண்டும் அரிசிதான், வேகும் பதம் வேறு. ஆகவே இரண்டு பற்பசைகளில் எது தேவலை என்று ஒப்பிட மாட்டுப் பல் போதும். நம் பல் இத்தனை நாளில் இவ்வளவு தேயும் என்று கணக்குப் போட அது உதவாது.

பேச்சோடு பேச்சாக மணியின் விஷயத்தையும் கேட்டுவிட்டேன். நாய்க்குப் பெரும்பாலான பற்கள் கூர்மையாக, இடைவெளி விட்டு இருக்கின்றன. நம் கடைவாய்ப் பல்லைப் போல உணவு போய் அடைகிற பள்ளங்கள் குறைவு. அதன் எச்சில் நம் எச்சிலைவிடக் காரத்தன்மை உடையது, அமிலத்தை அடக்கிவிடும். தவிர, மணிக்கு யார் மிட்டாய் வாங்கித் தருகிறார்கள்? அதனால்தான் சொத்தை அபூர்வம். ஆனால் நாய்களுக்குப் பல்லில் காரை படிவதும், ஈறு கெட்டுப் பல் ஆடுவதும் நிறைய உண்டாம். ஆக, மணியும் தப்பவில்லை!

அதற்கப்புறம் அவள் சொன்னதுதான் என்னை உலுக்கிவிட்டது.

1954-ல் அமெரிக்காவில் நோட்டர்டேம் பல்கலைக்கழகத்தில், கிருமியே அண்டாத கூண்டில் எலிகளை வளர்த்தார்கள். சர்க்கரை நிறைந்த தீனியைக் கொடுத்தும் ஒரு சொத்தைகூட விழவில்லை. சாதாரண எலிகள் அதே தீனியைத் தின்று பல்லைக் கெடுத்துக்கொண்டன. சர்க்கரை மட்டும் சொத்தையை உண்டாக்குவதில்லை. வாயில் உள்ள கிருமி சர்க்கரையைத் தின்று அமிலத்தை உண்டாக்குகிறது, அந்த அமிலம்தான் பல்லைக் கரைக்கிறது. 'பல்லில் பூச்சி' என்று புகை போட்டு, ஏதோ ஒரு புழுவைக் காட்டிக் காசு வாங்கிப் போகிறார்களே, அப்படி ஒரு பூச்சி கிடையவே கிடையாது.

1960-ல் பால் கீஸ் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், ஹாம்ஸ்டர் என்ற எலி போன்ற பிராணிகளை வைத்து இன்னொன்றைக் கண்டார். சொத்தை விழாத குட்டிகளைச் சொத்தை உள்ளவற்றோடு ஒரே கூண்டில் விட்டால், அவற்றுக்கும் சொத்தை வந்துவிட்டது. கிருமி ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்குத் தொற்றுகிறது! தாய்க்கு மருந்து கொடுத்துக் கிருமியை அடக்கியபோது, குட்டிகளின் பல் தப்பியது.

1968-ல் எலிகளுக்கு ஒரு இயந்திரத்தை வைத்து, குறித்த நேரத்தில், குறித்த தடவை தீனி கொடுத்துப் பார்த்தார்கள். தடவைகள் கூடக் கூடச் சொத்தையும் கூடியது.

"மனுஷங்களுக்கும் அப்படித்தானாம்மா?" என்றேன்.

"ஆமா அத்தை. பெரும்பாலும் அம்மா வாயிலேர்ந்துதான் குழந்தைக்கு அந்தக் கிருமி போகுது."

எனக்குப் பேச்சு வரவில்லை.

என் பையனுக்குப் பால் புட்டியில் ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டு, வாயில் வைத்தபடியே தூங்கவைத்தவள் நான். தூக்கத்தில் எச்சில் குறைவாக ஊறும், பாலும் சர்க்கரையும் பல்லிலேயே தங்கிவிடும் என்று அன்று தெரியாது. மூன்று வயதில் முன்பல் நான்கும் கறுத்துவிட்டன. "பால் பல்தானே, விழுந்து முளைச்சுடும்" என்றார் என் மாமியார். எனக்கும் அது சௌகரியமாக இருந்தது. நாலு வயதில் ஒரு நாள் இரவு கன்னம் வீங்கி, ஜுரம் வந்து, துடித்துப் போனான். பால் கடைவாய்ப் பற்கள் இரண்டை எடுக்க வேண்டியதாயிற்று. பின்னால் முளைக்கப்போகும் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பதே அந்தப் பால் பற்கள்தானாம். அவை போனதும் பக்கத்துப் பற்கள் நகர்ந்து இடத்தை அடைத்துக்கொண்டன. இன்றைக்குக் கம்பி போடும் செலவுக்கு அதுவும் ஒரு காரணம்.

அத்தனை காலமும் என் வாயிலும் மூன்று சொத்தைகள். பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டணும், வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கணும் என்று, என் பல்லை மட்டும் கிராம்பு வைத்தே ஓட்டிக்கொண்டிருந்தேன்.

இளம் தாய்மார்களுக்குச் சொல்கிறேன், நான் செய்ததைச் செய்யாதீர்கள். புட்டியோடு தூங்கவைக்காதீர்கள். குழந்தைப் பாலுக்குச் சர்க்கரை வேண்டாம். முதல் பல் முளைத்த அன்றிலிருந்தே காலையும் இரவும் தேய்த்துவிடுங்கள். மூன்று வயது வரை அரிசி மணியளவு, அப்புறம் ஆறு வயது வரை பட்டாணி அளவு ஃபுளோரைடு பற்பசை போதும். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் உள்ள ஊர்களில் இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். தின்பண்டத்தை நாள் முழுக்கக் கொறிக்க விடாமல், சாப்பாட்டோடு ஒரே தடவையாகக் கொடுத்துவிடுங்கள். முதல் பிறந்த நாளுக்குள் ஒரு தடவை பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

ஹாம்ஸ்டருக்குக் கொடுத்தார்கள் என்று நீங்களாக மருந்து வாங்கி விழுங்க வேண்டாம். உங்கள் சொத்தையை அடைத்து, தினமும் இரண்டு வேளை பல் தேய்த்தாலே குழந்தைக்குப் பெரிய உபகாரம். கர்ப்பமாக இருக்கும்போதும் பல் வைத்தியம் செய்துகொள்ளலாம். கர்ப்பம் என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் போதும்.

போன வாரம் என் பையனின் பற்களைக் காலேஜுக்குக் கொடுக்கக் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கே பக்கத்து நாற்காலியில் நானும் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தேன். இரண்டு சொத்தைகளை அடைத்தாயிற்று. மூன்றாவதற்கு அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

பையன் கேட்டான், "வலிச்சுதாம்மா?"

கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளத்தான் தோன்றியது. சொல்லவில்லை.