அழகான படம், தப்பான அலை

நாங்கள் குடியிருக்கும் ஏ.எஸ்.ராவ் நகருக்குப் பெயர் கொடுத்தவர் ஒரு எலெக்ட்ரானிக்ஸ்காரர். ஹைதராபாத்தில் 1967-ல் தொடங்கிய இ.சி.ஐ.எல். நிறுவனத்தை உருவாக்கியவர். அந்தத் தைரியத்தில் இன்று சைன் அலை பற்றிக் கொஞ்சம் :-)

ஊரை விட்டு வந்த நாம் பிள்ளைகளின் கோடிங் கிளாசுக்குத் தயங்காமல் பணம் கட்டுகிறோம். அங்கே பைதானில் சைன் அலை வரைய வைக்கிறார்கள். "ஆயிரம் புள்ளி போடு, அலை வழவழன்னு வரும்." ஏன் ஆயிரம்? அதைத்தான் சொல்லித் தருவதில்லை. என் புகாரே அதுதான்.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். நம் வீட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுற்று. நம்பையின் லின்ஸ்பேஸிடம் 0 முதல் 1 நொடி வரை என்று மட்டும் சொன்னால், அது தானாகவே 50 புள்ளி எடுத்துக்கொள்ளும். நடுவில் 49 இடைவெளி. ஒவ்வொரு இடைவெளியிலும் அலை ஒரு முழுச் சுற்றும், கூடவே 49-ல் ஒரு பங்கும் நகரும். முழுச் சுற்று கண்ணில் படாது. திரையில் வருவது ஒரே ஒரு சைன் அலை! ஐம்பது இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று. எர்ரர் எதுவும் வராது. படமும் அம்சமாக இருக்கும்.

புள்ளிக் கோலம் மாதிரிதான். ஒரே புள்ளி வரிசையில் வேறு வேறு கோலம் போடலாம் இல்லையா? சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னால் சுற்றுவதும் இதே கதை. ஏலியாசிங் என்று பெயர்.

"அதிர்வெண்ணைப் போல இரண்டு மடங்கு போதுமே, நைக்விஸ்ட் சொல்லியிருக்கிறாரே" என்பீர்கள். ஷானன் 1949-ல் நிறுவிய விதிப்படி, இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் அலையைக் கணக்குப் போட்டு மீட்கலாம். ஆனால் வரைபட நிரல் அந்தக் கணக்கைப் போடுவதில்லை. புள்ளிகளை நேர்கோட்டால் இணைக்கிறது, அவ்வளவுதான். சுற்றுக்கு 4 புள்ளி என்றால் அலையின் உச்சியில் 29 சதவீதம் வரை காணாமல் போகலாம். 10 புள்ளிக்கு 5 சதவீதம், 20 புள்ளிக்கு 1.2 சதவீதம்.

எனவே என் ஓட்டு சுற்றுக்கு 20 புள்ளிக்கு. 50 ஹெர்ட்ஸ், ஒரு நொடி: 50 × 20 = 1000. இப்போது அந்த ஆயிரத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது. அதே ஆயிரத்தை 200 ஹெர்ட்ஸுக்குப் போட்டால் சுற்றுக்கு 5 புள்ளிதான். உச்சியில் 19 சதவீதம் வரை போகும். ஆயிரம் ஒன்றும் மந்திர எண் இல்லை.

"லட்சம் புள்ளி போட்டால் போச்சு, மெமரிக்கா பஞ்சம்?" சூத்திரத்தை வரையும்போது சரி. நாளை இந்தப் பிள்ளைகள் இ.சி.ஜி.யையோ மோட்டாரின் அதிர்வையோ அளக்கப் போகிறவர்கள். அளக்கும்போது தவறவிட்டதைப் பிறகு எத்தனை புள்ளி சேர்த்தாலும் மீட்க முடியாது. வேகமான அதிர்வு மெதுவானதாக வேஷம் போட்டுக்கொண்டு வரும். படம் அழகாக இருந்தால் சரி என்று பழகிய கண் அதை நம்பிவிடும்.

பெற்றோருக்குக் கோடிங் தெரிய வேண்டியதில்லை. பிள்ளை அலையை வரைந்து காட்டினால், "சூப்பர்" சொல்லிவிட்டு ஒன்றே ஒன்று கேளுங்கள்: "ஒரு சுற்றுக்கு எத்தனை புள்ளி வெச்சே, ஏன்?"